சம்மணம் போட்ட சாட்சி

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊருக்குப் போனால் இன்றும் பெயரைச் சொல்லாமல் "டிகிரி வந்திருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண் என் சித்தி. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், என் பட்டத்தை நம்பி இதுவரை ஒருத்தர்கூட மேடு ஏறியதில்லை என்று சொல்லிவிடுவேன்.

வேலை கிடைத்து நகரத்துக்கு வந்தபோது சித்தி வீட்டில்தான் தங்கினேன். முன்னறை, சமையலறை, மாடிப்படிக்கு அடியில் எனக்கு ஒரு கட்டில். சித்தப்பா வண்டி மெக்கானிக். சித்தி அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி தருகிறாள். அங்கே அவள் முதலில் போனது கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு. கார்களைத் துடைத்தாள், துடைப்பதற்காக ஓரமாக நகர்த்தினாள், நகர்த்தி நகர்த்தியே ஓட்டவும் கற்றுக்கொண்டாள். பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தால் வருகிறோம் என்று தெருப் பெண்கள் கேட்க ஆரம்பித்ததும் முதலாளி துடைப்பத்தை வேறு ஆளிடம் கொடுத்தார்.

லைசென்ஸ் தேர்வு நடக்கும் மைதானத்தில் சித்தியின் பெயர் யாருக்கும் தெரியாது. 'சம்மணம் டீச்சர்' என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல, பயிற்சிக் காரின் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். கற்பவரின் காலடியில் இருப்பதுபோலவே, பக்கத்து சீட்டில் இருக்கும் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு உதவுவதற்காக வைத்தது. தேர்வு நாளில் இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் உட்காருவார். அங்கிருந்து அவருக்குத் தோள்தான் தெரியும், கால் தெரியாது. ஆகவே மைதானத்தில் காலங்காலமாக ஒரு வழக்கம்: ஓட்டுகிறவர் தடுமாறினால் பயிற்சியாளர் தோளை அசைக்காமல் காலை மட்டும் நீட்டிக் காப்பாற்றிவிடுவார். இதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. இதில் கைதேர்ந்தவர், மன்னிக்கவும், கால்தேர்ந்தவர், பக்கத்து ஸ்கூலின் புல்லட் அண்ணன். அவர் இடது காலால் லைசென்ஸ் வாங்கியவர்கள் பாதி நகரம் இருப்பார்கள்.

சித்தி மட்டும் தேர்வு நாளில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடித்து, பந்தியில் உட்காருவதுபோலச் சம்மணம் போட்டு உட்காருவாள்.

ஆரம்பத்திலேயே அவள் அப்படி இல்லை. சித்தி கர்த்தரை நம்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசை, பாட்டுக் குழுவில் இடம். அவருக்குச் சாட்சியாக வாழ்வது என்றால் வாயைத் திறந்து அவரைப் பற்றிப் பேசுவது என்றுதான் அப்போது அவளுக்குத் தெரியும். அவள் பயிற்சியாளர் ஆன புதிதில் போதகர் எல்லோர் முன்பாகவும் ஏக்கத்தோடு சொன்னாராம்: என் பிரசங்கத்துக்கு நடுவில் எத்தனையோ பேர் எழுந்து போகிறார்கள், இந்தச் சகோதரிக்குத்தான் கர்த்தர் சீட் பெல்ட் போட்ட சபையைக் கொடுத்திருக்கிறார். சித்தி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இரட்சிப்பைப் பற்றிச் சொன்னாள். ரிவர்ஸ் எடுக்கும்போது மனந்திரும்புதல் வந்தது.

கடைசியில் மாட்டியவர் ஒரு வங்கி அதிகாரி. ரவுண்டானாவில் நுழைகிறார், வலப்பக்கம் ஒரு லாரி வருகிறது. சித்தி மிக மென்மையாக, அக்கறையோடு கேட்டாள்:

"சார், இந்த நிமிஷமே செத்துட்டா எங்க போவீங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?"

மனுஷன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சித்தியின் கால்தான் அன்று காரை நிறுத்தியது. லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள் எந்தப் பிரசங்கத்திலும் வராதவை. வங்கி அதிகாரி அங்கேயே இறங்கி நடந்து போனவர்தான், திரும்பி வரவே இல்லை. பின் சீட்டில் அவர் விட்டுப்போன குடையைச் சித்தி வங்கிக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் காவலாளியை அனுப்பித்தான் வாங்கிக்கொண்டாராம்.

அன்று சித்தி ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். இன்ஜின் ஓடும்போது சாமி பேச்சு கிடையாது. யாராவது கேட்டால் இன்ஜினை அணைத்த பிறகு சொல்வது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் இன்ஜின் நின்றதும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும், யாரும் கேட்கவில்லை. சபையில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்கிற நேரம் வந்தால் சித்தி குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள் என்று சித்தப்பா கிண்டல் செய்வார்.

காலை மடக்க வைத்தது ஒரு பல் டாக்டரம்மா. சித்தியிடம் கற்று, தேர்வு மைதானத்து மேட்டில் சித்தியின் காலால் பாஸ் ஆனவர். ஒருநாள் இனிப்புப் பெட்டியோடு தன் சொந்தக் காரில் வந்து இறங்கினார். காரின் முன்பக்கம் அப்பளம்போல நொறுங்கியிருந்தது.

"டீச்சர், உங்க கார் சொன்ன இடத்துல நிக்குது. என் கார்தான் நிக்க மாட்டேங்குது. எங்க வீட்டு கேட்டையே ரெண்டு தடவை இடிச்சிடுச்சு. நல்ல மெக்கானிக் யாராவது இருக்காங்களா?"

குற்றம் காரின் மேல்தான் என்று அந்த அம்மா மனசார நம்பினார். சித்தப்பா காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிரேக் புதுசு, கண்ணாடிபோல இருந்தது. அவர் எழுந்து சித்தியைப் பார்த்தார். சித்தி அந்த இனிப்பைத் தொடவே இல்லை. மறுநாளிலிருந்து டாக்டரம்மாவுக்கு மறுபடியும் பாடம், பைசா வாங்காமல்.

அடுத்த தேர்வில்தான் சம்மணம். சும்மா காலை ஒதுக்கி வைத்தால் போதாதா என்று நானே ஒருமுறை கேட்டேன். கால் கீழே இருந்தால் அது தன் பழக்கத்தைத்தான் கேட்கும், என் பேச்சைக் கேட்காது என்றாள்.

மைதானம் சிரித்தது. புல்லட் அண்ணன் டீக்கடையில் சொன்னது ரொம்ப நாள் ஓடியது: "கோயில்ல முட்டி போடுறாங்க, கார்ல சம்மணம் போடுறாங்க. டீச்சரம்மா பெடலை எப்பதான் மிதிப்பாங்க?" சித்தியே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. சித்தியிடம் கற்றவர்களில் நிறையப் பேர் முதல் தடவை தேறவில்லை. சிலர் பாதியிலேயே புல்லட் அண்ணனிடம் போனார்கள். உன் பக்திக்கு என் ஸ்கூலா கிடைத்தது என்று முதலாளி முனகுவார். பெண்கள் அவளைத்தான் கேட்டு வருகிறார்கள் என்பதால் அதோடு விட்டுவிடுவார்.

இந்த நிலையில்தான் ஆயாம்மா வந்தாள்.

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. என் சித்தியைவிட வயது குறைவு, ஆனால் பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அவள் ஆயாம்மா. சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கணவர் இல்லை, மகள் ஒன்று. வேன் டிரைவர் வேலையை விட்டுப் போகிறார். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன் நீ லைசென்ஸ் காட்டினால் வேன் உனக்கு, இல்லையென்றால் வேறு டிரைவர் வருவார், அவர் தன் மனைவியையே ஆயாவாகக் கூட்டி வருகிறாராம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். ஓட்டினால் முழுச் சம்பளம், ஓட்டாவிட்டால் இருக்கிற வேலையும் இல்லை.

வளைவு, ரிவர்ஸ், பார்க்கிங் எல்லாம் ஆயாம்மாவுக்கு அல்வா. மேடுதான் எமன். மைதானத்தின் கோடியில் சிமெண்ட் மேடு ஒன்று இருக்கிறது. பாதி ஏறி மஞ்சள் கோட்டில் நிறுத்த வேண்டும். பிறகு பின்னால் உருளாமல் கிளப்பி மேலே போக வேண்டும். உருண்டு பின்னால் நிற்கிற பிளாஸ்டிக் கம்பம் சாய்ந்தால் தேர்வு முடிந்தது. ஆயாம்மா ஏற்கெனவே அந்தக் கம்பத்தை ஒருமுறை சாய்த்துவிட்டு வந்திருந்தாள். பள்ளி திறக்கும் முன் இனி ஒரே ஒரு தேர்வுதான்.

அதற்கு முந்தின நாள் மாலை வீட்டுக்கு வந்தாள். சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவள் கத்தியை வாங்கித் தானே நறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பள்ளிக் கதைகள். பிறகு கத்தி நின்றது.

"அக்கா, நாளைக்கு மட்டும் ஒரு காலைக் கீழ விடுக்கா. முழு பாதம்கூட வேண்டாம், கட்டைவிரல் போதும்."

சித்தி நறுக்கிய வெங்காயத்தைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள்.

"உன் சாமியைக் கொஞ்சம் கண்ணை மூடிக்கச் சொல்லு. அவருக்கும் கண்ணு வலிக்கும்ல, எந்நேரமும் பாத்துக்கிட்டே இருந்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது, சித்திக்கும் வந்தது, ஆயாம்மாவின் கண்ணில் மட்டும் தண்ணீர். வெங்காயத்தால் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

"வேன்ல பின்னாடி பிள்ளைங்க இருக்கும்போது நான் பக்கத்துல இருப்பேனாம்மா?" என்றாள் சித்தி.

ஆயாம்மா கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் வரை போனவளிடம் சித்தி, விடியற்காலை பாலத்துச் சரிவுக்கு வா, தேர்வுக்கு முன்னால் மறுபடியும் பழகுவோம் என்றாள். ஆயாம்மா தலையாட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை. அவள் போன பிறகு சித்தி சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணின் சோற்றில் மண்ணைப் போடுகிறேனோ என்று சித்தப்பாவிடம் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, டாக்டரம்மா வீட்டு கேட்டை நினைத்துக்கொள் என்றார்.

விடியற்காலை பாலத்தடியில் ஆயாம்மா எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தாள். பின் சீட்டில் ஆள் இருந்தால் கார் வேறு மாதிரி உருளும் என்று இன்ஸ்பெக்டர் கனத்துக்கு என்னை உட்கார வைத்தார்கள். என் பட்டப்படிப்பு எடைக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். பாலத்தின் சரிவில் நிறுத்தி, கிளப்பி, நிறுத்தி, கிளப்பி, என் குடலெல்லாம் குலுங்கியது. சித்தி அங்கேயும் சம்மணம்தான். ஆயாம்மாவின் கண் அடிக்கடி சித்தியின் மடித்த காலுக்குப் போனது. காலைப் பார்க்காதே, கிளட்ச் மேலே வரும்போது காரின் மூக்கு லேசாகத் தூக்கும், அதைப் பார், தூக்கிய பிறகு கைப்பிரேக்கை விடு என்று சித்தி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நடுவில் ஆயாம்மா திடீரென்று கேட்டாள். "உண்மையைச் சொல்லுக்கா. எல்லாரும் செய்யறதைச் செய்யாம, ஊரே சிரிக்க, முதலாளிகிட்ட பாட்டு வாங்கிக்கிட்டு, இப்படி மடக்கி உக்காந்தா உனக்கு என்ன கிடைக்குது?"

சித்தியிடம் இத்தனை காலத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவள் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். வாய் திறந்தது. திறந்த வாய் மூடியது.

"இன்ஜின் ஓடுது. அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அப்புறம் எங்கே சொல்ல? நேரம் ஆகிவிட்டது, மைதானத்துக்கு ஓடினோம்.

மைதானத்தில் அன்று ஜேஜே என்று கூட்டம். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியாக, சிரிக்காத முகத்தோடு இருந்தார். புல்லட் அண்ணனின் ஆட்கள் வரிசையாக வெண்ணெயில் கத்திபோல மேடு ஏறி இறங்கினார்கள். பிறகு எங்கள் கார். சித்தி செருப்பைக் கழற்றிச் சம்மணம் போட்டதும் டீக்கடைப் பக்கம் சிரிப்பலை எழுந்தது. பின் சீட்டில் ஏறிய இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார். நான் கயிற்றுக்கு வெளியே, மேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜன்னல்கள் திறந்திருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது.

வளைவு முடிந்தது, பார்க்கிங் முடிந்தது. கார் மேட்டில் பாதி ஏறி மஞ்சள் கோட்டில் நின்றது. ஆயாம்மா அவசரப்பட்டு, மூக்கு தூக்கும் முன்பே கைப்பிரேக்கையும் கிளட்ச்சையும் சேர்த்து விட்டுவிட்டாள். கார் ஒரு குலுங்கு குலுங்கி இன்ஜின் நின்றது. பதறி அவள் மறுபடி கிளட்ச்சை மிதிக்க, கார் பின்னால் உருள ஆரம்பித்தது.

பின் சக்கரம் மெதுவாக, மிக மெதுவாகக் கம்பத்தை நோக்கி வருகிறது. புல்லட் அண்ணனே தன்னை மறந்து "காலைப் போடுங்க டீச்சர், காலைப் போடுங்க" என்று கத்திவிட்டார். ஜன்னல் வழியாக எனக்குச் சித்தி தெரிந்தாள். இடது முழங்கால் தானாகவே எழும்பியது. அவள் இரண்டு கையாலும் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து, பிள்ளையை அமுக்குவதுபோலக் கீழே அமுக்கினாள். கண்ணை மூடவில்லை. ஆயாம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஆயாம்மாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. வேன் கிளம்பும்போதெல்லாம் பிள்ளைகளிடம் சொல்கிற அதே வார்த்தை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது:

"கம்பியைப் பிடிச்சுக்கோங்க கண்ணுங்களா, வண்டி எடுக்கப் போறேன்."

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆயாம்மா கைப்பிரேக்கை இழுத்தாள். கார் நின்றது. கம்பத்துக்கும் பம்பருக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழைந்திருக்கும், அவ்வளவுதான். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். இன்ஜினைப் போட்டாள். கிளட்ச் மெல்ல மேலே வந்தது. காரின் மூக்கு லேசாகத் தூக்கியது. அவள் சித்தியின் காலைப் பார்க்கவில்லை. கைப்பிரேக்கை விட்டாள். கார் அசையாமல் ஒரு நொடி நின்று, பிறகு மேலே போனது, போனது, உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது.

நான் கத்தியதில் என் தொண்டை கட்டிவிட்டது. கயிற்றைத் தாண்டி ஓடியதற்கு வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஆயாம்மா கைகட்டி நின்றாள். அவர் சொன்னார், உருண்டது குறைதான், ஆனால் உருளுகிற வண்டியைத் தானே பிடித்து நிறுத்தின ஆளை இன்றைக்கு இப்போதுதான் பார்க்கிறேன், பாஸ் என்று. ஆயாம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் அவருடைய பேனா கீழே விழுந்தது.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். அடுத்த காரில் புல்லட் அண்ணன் தயாராக உட்கார்ந்திருந்தார், ஓட்டுகிற இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன். இன்ஸ்பெக்டர் குனிந்து சொன்னார்: "நீங்களும் அந்த அம்மா மாதிரியே உக்காருங்க."

புல்லட் அண்ணனின் உடம்பு அவர் பெயருக்கு ஏற்ற உடம்பு. முதலில் ஒரு காலைத் தூக்கினார், முட்டி டாஷ்போர்டில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளினார், இப்போது இன்ஸ்பெக்டருக்கு இடமில்லை. ஒரு காலை மடித்தால் மறு கால் நீண்டது. கடைசியில் எப்படியோ மடக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பார்சல் கட்டியதுபோல உட்கார்ந்தார். கார் மேட்டில் ஏறியது, நின்றது, சாவகாசமாகப் பின்னால் வந்து கம்பத்தின் மேல் உட்கார்ந்தது. அன்று அதன் பிறகு எல்லாப் பயிற்சியாளர்களும் சம்மணம்தான். வாட்ச்மேன் கம்பத்தை நிமிர்த்தி நிமிர்த்திக் களைத்துப்போனார்.

மாலையில் புல்லட் அண்ணன் எங்கள் டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று முதலாளி உள்ளே போய் நின்றுகொண்டார். வந்தவர் முட்டியைத் தடவிக்கொண்டே, இனி எப்போதும் இப்படித்தானாம் டீச்சர், இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கார் உருண்டப்ப எனக்கே கால் துடிச்சுது. உங்களுக்கு எப்படி முடிஞ்சுது?" என்றார். துடித்தது, அதனால்தான் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன் என்று சித்தி விரலைக் காட்டினாள். நகம் பதிந்து சிவந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பள்ளி திறந்த அன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் ஹாரன் சத்தம். மஞ்சள் வேன் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறாள். டிரைவர் சீட்டில் ஆயாம்மா, உட்கார்ந்தபடியே உயரமாகிவிட்டதுபோல இருந்தாள். சித்தி ஈரக் கையோடு ஓடி வந்தாள். ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று சிறுபிள்ளைபோலக் கேட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினாள். அங்கே காலடியில் பெடல் எதுவும் இல்லை. சித்தி குனிந்து அந்த வெறும் தரையைப் பார்த்தாள், கால்களைத் தாராளமாக நீட்டிக்கொண்டாள்.

ஆயாம்மா சாவியைத் திருப்பினாள். வேன் அடங்கியது. தெரு முழுக்க அமைதி.

"இன்ஜினை அணைச்சிட்டேன். பிள்ளைங்களைக் கூப்பிடப் போக மத்தியானம் வரைக்கும் நேரம் கிடக்கு" என்று அவள் சித்தியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லுக்கா."

சித்தி என்னைப் பார்த்தாள், பிறகு ஆயாம்மாவைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அன்று ஆபீஸ் தாமதம். போகட்டும் என்று ஜன்னலோரம் நின்றுவிட்டேன்.